நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் போளூருக்குப் பக்கம். கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனார், திரும்பி வரவில்லை. வீட்டில் அவரைப் பற்றி இருந்தது இந்த ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு, நேட்டாலின் துறைமுக நகரான டர்பன் வரை போய்த் தேடிவிட்டு வந்தேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து சொந்தக்காரர்களும் சொந்தமில்லாதவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் 'கப்பலேறிப் போனார்' என்று ஒரு கதை உண்டு. எந்த நாடு என்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

கதையில் வரும் பயிரைக் கேளுங்கள். தேயிலை என்றால் இலங்கை, ரப்பர் என்றால் மலாயா. கரும்பு என்றால் மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி, அல்லது புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போன்ற பிரெஞ்சுத் தீவுகள். பாட்டிமார் 'மோரீசு' என்று சொல்லியிருந்தால் அது மொரீஷியஸ்.

அடுத்து வருஷம். ஆங்கில ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. தமிழ் வருஷம் இருக்கும். 'தாது வருஷப் பஞ்சத்தில் போனார்' என்றால் 1876-77. அந்தப் பஞ்சம் வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஊர்களைக் காலி செய்தது. ஆனால் தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்காதீர்கள். 1936-ம் தாதுதான்.

ஆண்டு ஓரளவு பிடிபட்டால் நாடு தானாகச் சுருங்கும். மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கியது 1834-ல். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை. நடுவே 1866-லிருந்து 1874 வரை நேட்டாலுக்குக் கப்பலே போகவில்லை. ஒப்பந்தம் முடிந்து 1871-ல் சென்னைக்குத் திரும்பியவர்கள் தோட்ட முதலாளிகள் செய்த கொடுமைகளைச் சொல்லிப் புகார் கொடுத்தார்கள். அதன் பேரில் விசாரணைக் குழு அமைத்து, சில திருத்தங்கள் செய்த பிறகே மறுபடி ஆள் அனுப்பினார்கள். ஆகையால் உங்கள் தாத்தா 1870-ல் போனவர் என்றால் டர்பனுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், மொரீஷியஸைப் பாருங்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903-ல்தான்.

பயணத்துக்கு முன் வீட்டில் என்ன தேட வேண்டும்?

அவருடைய உண்மையான பெயர், அவர் அப்பாவின் பெயர், அப்போதைய தாலுகாவோடு ஊரின் பெயர். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் விமானச் செலவு வீண்.

'உண்மையான பெயர்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அவர் பெயர் 'பெரியகண்ணு'. நூறு ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினோம். அது செல்லப்பெயர் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில், பங்குகளைச் சொல்லி வரும் இடத்தில், 'தேசாந்தரம் போய்விட்ட மூத்தவர் குப்பன்' என்று இருந்தது. அந்த ஒரு வரி கிடைத்திருக்காவிட்டால் டர்பனில் பெரியகண்ணுவைத் தேடிக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருப்பேன்.

நிலம் இருந்த குடும்பம் என்றால் பத்திரங்களைப் புரட்டுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களின் நகல் கேட்டும் பார்க்கலாம். நிலம் இல்லாத குடும்பம் என்றால் (போனவர்களில் அவர்களே மிகுதி) ஊரின் மூத்த பெண்களிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் கதை சொல்வார்கள், பெண்களுக்குத்தான் பெயர் தெரியும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் உள்ள குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களை வரிசையாக எழுதினாலே, காணாமல் போனவரின் பெயர் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கப்பல் பட்டியலில் என்னென்ன இருக்கும்?

முதல் கப்பலான 'டிரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. காலனி எண் என்பார்கள். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் ஆகியவை இருக்கும். எல்லாப் பத்திகளும் எல்லாக் கப்பலுக்கும் நிரம்பியிருக்காது.

உடம்பின் அடையாளம் எழுதிய பத்தி என்னை உலுக்கிவிட்டது. 'வலது முழங்காலில் தழும்பு.' ஒரு போட்டோகூட இல்லாத மனிதருக்கு ஒரு முழங்கால் கிடைத்தது. அவர் எங்கே விழுந்திருப்பார், எங்கள் கிணற்றடியிலா என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெயரைத் தட்டச்சு செய்தால் எதுவும் வருவதில்லை. ஏன்?

எழுத்தை வைத்துத் தேடுகிறீர்கள். காதை வைத்துத் தேட வேண்டும்.

அன்று நடந்ததை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். போளூர்க்காரர் ஒருவர் சென்னை டிப்போவில், அதாவது கப்பலேறும் முன் கூலிகளைத் தங்கவைத்த முகாமில், வரிசையில் நிற்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. குமாஸ்தா பெயரைக் கேட்கிறார், இவர் சொல்கிறார், காதில் விழுந்ததை அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். அந்தக் குமாஸ்தா தெலுங்கராக இருந்தால் ஒரு மாதிரி விழும், ஆங்கிலேயராக இருந்தால் வேறு மாதிரி விழும். டர்பனில் இறங்கியதும் அதைப் பார்த்து இன்னொருவர் படி எடுக்கிறார். நூறு ஆண்டு கழித்து அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்து மற்றொருவர் கணினியில் ஏற்றுகிறார். மூன்று பேர் கைமாறிய பெயர் அது.

குப்பன் என்பதைக் கே எழுத்தில் தொடங்கி இரண்டு மாலை தேடினேன். ஒருவரும் பொருந்தவில்லை. அவர் சி எழுத்தில், நடுவே இரட்டை ஓ போட்டு, 'கூப்பன்' ஆக இருந்தார். கந்தன், கண்ணன், காத்தாயி எல்லோரும் இப்படித்தான், பாதிப் பேர் சி, பாதிப் பேர் கே. முனுசாமி 'மூன்சாமி' ஆவார். கிருஷ்ணன் 'கிஸ்டன்' ஆவார். எல்லம்மா ஒய் எழுத்தில் 'யெல்லம்மா'வாக நிற்பார். தாண்டவனை T, D இரண்டு எழுத்திலும் பாருங்கள். உகரத்தை இரட்டை ஓ ஆக்குவதும், கடைசி 'ன்'-ஐ விழுங்குவதும் வழக்கம்.

இன்னொரு வழி: பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள். ஓர் ஊரிலிருந்து ஆள்கட்டுபவர் கூட்டிப் போனவர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே பதிவாகி, ஒன்றாகவே கப்பலேறினார்கள். உங்கள் ஊர் அல்லது பக்கத்து ஊர் பெயர் ஓரிடத்தில் தென்பட்டால், அதற்கு மேலும் கீழும் இருபது எண்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கூப்பனுக்கு அடுத்த எண்ணில் பக்கத்து ஊர்க்காரர் நின்றிருந்தார்.

ஜில்லா பெயர்கள் இன்றைய மாவட்டங்களோடு பொருந்துகின்றனவா?

இல்லை. வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மட்டுமல்ல, சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. சித்தூர் தனி ஜில்லா ஆனது 1911-ல். சேலம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் சேர்த்து. தஞ்சாவூர் என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை சேர்த்து. வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்றும் திருச்சியை 'டிரிச்சினாப்பள்ளி' என்றும் எழுதியிருப்பார்கள். தாலுகா பத்தி காலியாக, ஊர் என்று வெறும் 'புதூர்' இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. தகப்பன் பெயரைத்தான் நம்ப வேண்டும்.

சாதிப் பத்தியை நம்பலாமா?

பாதி நம்பலாம். தொடக்ககாலக் கப்பல்களில் தமிழர் பலருக்குச் சாதி என்ற இடத்தில் 'மலபார்' என்று இருக்கும். பதறிப்போய்க் கேரளத்தில் தேடாதீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். தெலுங்கருக்கு 'ஜென்டூ'. ரீயூனியன் தீவில் இன்றும் தமிழ் வம்சாவளியினரை 'மல்பார்' என்றே சொல்கிறார்கள்.

கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஊரில் அனுபவித்ததைக் கடலுக்கு இந்தப் பக்கமே விட்டுவிட்டுப் போக நினைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உறவும் அப்படித்தான். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், டிப்போவில் பார்த்துக்கொண்டவர்களைக் கணவன் மனைவி என்று எழுதியதும் உண்டு. பட்டியலில் உங்கள் தாத்தா பக்கத்தில் ஒரு பெண் பெயர் இருந்தால், அதை வைத்து வீட்டில் சண்டையைத் தொடங்கிவிடாதீர்கள்.

டர்பனில் எங்கே போக வேண்டும்?

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. கப்பல் பட்டியல்களைக் கணினிக்கு ஏற்றியவர்கள் அவர்கள்தான். ஊரிலிருந்தே தேடி எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு அங்கே போவது நல்லது. எண்ணோடு போகிறவருக்கு அரை மணி நேர வேலை, எண் இல்லாமல் போகிறவருக்கு ஒரு வாரம்.

எண்பது கிலோமீட்டர் தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்தியக் குடியேற்றத் துறையின் பழைய கோப்புகள் அங்கேதான். தோட்டத்தில் அடி வாங்கியதாகக் கொடுத்த புகார், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பக் கேட்ட மனு போன்றவை அவற்றில் கிடைக்கலாம். பட்டியல் ஆளின் பெயரைத்தான் காட்டும், கோப்பு ஆளையே காட்டும். டர்பனிலேயே '1860 பாரம்பரிய மையம்' என்ற அருங்காட்சியகமும் உண்டு. முதலில் அங்கே ஒரு நடை போய்விட்டு வந்தால் மற்றவை எளிதாகப் புரியும்.

பயணத் தேதியை நீங்களே முடிவு செய்ய முடியும் என்றால் புனித வெள்ளியை ஒட்டிப் போங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்களில் அன்றுதான் பெருங்கூட்டம் கூடும். கரும்புத் தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாளை அம்மனுக்குத் திருநாள் ஆக்கிக்கொண்டார்கள். ஆவண அலுவலகங்கள் அந்த நாட்களில் மூடியிருக்கும். அதனால் பரவாயில்லை, கோயில் வாசலில் நான்கு பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.

பட்டியலில் பெயர் கிடைத்துவிட்டது. இன்றைய வாரிசுகள் வரை எப்படி வருவது?

தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் எஸ்டேட் கோப்பில் (தோட்டம் அல்ல, இறந்தவர் விட்டுப்போன சொத்து பற்றிய கோப்பு) 'இறப்பு அறிவிப்பு' என்று ஒரு படிவம் சேரும். அதில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதும் இடம் உண்டு. ஒரு படிவம் கிடைத்தால் ஒரு தலைமுறை இறங்கலாம். ஏழைக் கூலிக்கு எஸ்டேட் கோப்பு இருக்காது. அவருடைய மகனுக்கு, கடை வைத்த பேரனுக்கு இருக்கும். எனவே இரண்டு முனைகளிலிருந்தும் தோண்டி நடுவில் சந்திப்பதுதான் முறை.

பழைய முகவரியை நம்பிப் போகாதீர்கள். 1950-ல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின்படி இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற புறநகர்களுக்குத் தள்ளினார்கள். தாத்தா வாழ்ந்த தெருவில் இன்று அவரை அறிந்த ஒருவரும் இருக்கமாட்டார்.

போனவர் திரும்பியும் வந்திருக்கலாம். பத்தாண்டு முடித்தவருக்கு இலவசக் கப்பல் பயணம் உண்டு. அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். காந்தி தலைமையில் தமிழ்த் தொழிலாளர்கள் போராடிய பிறகே, 1914-ல் அது நீங்கியது. அந்த வரிக்கு அஞ்சித் திரும்பியவர்கள் பலர். எல்லோரும் சொந்த ஊருக்கு வரவில்லை.

அங்கே கவெண்டர், மூட்லி என்றெல்லாம் குடும்பப் பெயர்கள். இவர்கள் தமிழர்களா?

கவெண்டர் என்பது கவுண்டர். மூட்லி முதலி. நைக்கர் நாயக்கர். படையாச்சி கிட்டத்தட்ட படையாச்சியாகவே இருக்கிறது. இன்னொரு வகை, முதலில் கப்பலேறியவரின் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது: பெருமாள், மூன்சாமி, வீராசாமி, கூப்பன். இந்த இரண்டாம் வகைதான் தேடுகிறவருக்கு வரம். குடும்பப் பெயரே கொள்ளுத் தாத்தாவின் பெயர். ஆனால் ஊர் முழுக்கக் கூப்பன்கள் இருக்கிறார்கள், எல்லோரும் உங்கள் பங்காளி அல்ல.

டி.என்.ஏ. சோதனை செய்தால் போதாதா?

போதாது. அங்கே அவர்கள் சோதனை செய்திருந்தாலும் இங்கே உங்கள் ஊரில் யாரும் செய்திருக்கவில்லை என்றால் எதனோடு ஒப்பிடுவது? தவிர, நாம் மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டவர்கள். அதனால் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலக் கணக்கில் வரும். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்திய பிறகு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமானால் செய்யலாம்.

மொரீஷியஸ், ஃபிஜி, மலேசியா?

மொரீஷியஸ்தான் எல்லாவற்றிலும் எளிது. மோக்கா என்ற இடத்தில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1860-களுக்குப் பிந்தைய பலருக்குப் போட்டோவே உண்டு. எனக்கு அதில் பொறாமை. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ஆப்பிரவாசி காட் 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கடற்கரையிலிருந்து ஏறும் பதினாறு படிகள் இன்னும் இருக்கின்றன. ஃபிஜிக்குப் போனவர்களின் குடியேற்ற அனுமதிச் சீட்டுகள் சுவா நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில்.

மலாயாவும் இலங்கையும் கடினம். கங்காணி தன் ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிப் போன இடங்களில் நேட்டால் மாதிரி ஆளுக்கொரு வரி எழுதிவைத்த பட்டியல் கிடைப்பதில்லை. தோட்டத்தின் பெயர் தெரிந்தால் தோட்டத்துக்கே போங்கள், அங்குள்ள மாரியம்மன் கோயிலில் விசாரியுங்கள்.

உறவினர்களைச் சந்தித்தால் என்ன மொழியில் பேசுவது? என்ன கொண்டுபோவது?

ஆங்கிலத்தில். தமிழ் பெரும்பாலும் போய்விட்டது, தேவாரமும் அம்மன் பாட்டும் ஆங்கில எழுத்தில் படித்துப் பாடுகிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். உறவுப் பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன.

எங்கள் கூப்பனுக்கு அடுத்த எண்காரர் என்று சொன்னேனே, அவருடைய வழிவந்த குடும்பத்தைப் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்ற சிறுவன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டான்: 'ஆயா!' எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். மதுரைக்காரர் 'அப்பத்தா' என்பார், பிறர் 'அம்மாச்சி' என்பார். நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து, ஒரு தமிழ் வாக்கியம் பேச வராத பையன் வாயில் வட ஆற்காட்டு 'ஆயா' அப்படியே இருந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்களாம், அதை ஆங்கிலத்தில் 'கஞ்சி வழிபாடு' என்கிற மாதிரிச் சொல்கிறார்கள்.

கொண்டுபோவதற்கு ஊர்க் கோயிலின் விபூதி, குங்குமம், ஊரின் சில போட்டோக்கள் போதும். பட்டுப்புடவை வேண்டாம், கடன்பட்டது போல் நினைப்பார்கள். சாதி என்ன என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் வந்து நிலத்தில் பங்கு கேட்டால்?

இதை மூன்று பேர் கேட்டார்கள், மூவரும் அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள். நான் பார்த்த ஒருவரும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊர்க் கிணறு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். சிலருக்கு வெளிநாட்டு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு வம்சாவளிச் சான்று வேண்டும். உங்களிடம் பழைய பத்திர நகல் இருந்தால் கொடுத்து உதவுங்கள்.

கண்டுபிடித்த பிறகு வீட்டில் என்ன சொன்னார்கள்?

எங்கள் கூப்பனுக்கு வாரிசு இல்லை. பட்டியலின் ஓரக் குறிப்பில், வந்த ஆறாம் ஆண்டு தோட்டத்திலேயே இறந்தார் என்று தேதியோடு இருந்தது. கல்யாணம் ஆனதற்கு எந்தத் தடயமும் இல்லை. அவ்வளவு தூரம் போய் இதைத்தான் கொண்டுவந்தாயா என்று சித்தப்பா கேட்டார்.

பெரிய அத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "என்ன திதி?" என்று கேட்டார். செத்த நாள் தெரியாததால் இத்தனை காலமும் மகாளய அமாவாசைப் படையலில் அவருக்கு ஒரு தனி இலை போட்டு வந்தவர் அவர். அதற்கு முன் அவருடைய மாமியார். ஆங்கிலத் தேதி இருந்தால் திதி கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல, பழைய ஆண்டுகளுக்குக் கணக்கிடும் பஞ்சாங்கங்கள் இணையத்திலேயே உண்டு. மாசி மாதம், தேய்பிறைச் சஷ்டி என்று வந்தது. அத்தை அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதச் சொன்னார். பெயரைக் குப்பன் என்றா, பெரியகண்ணு என்றா எழுதுவது என்று கேட்டேன். "பெரியகண்ணு என்றே எழுது. அந்தப் பெயரைச் சொல்லித்தானே இத்தனை வருஷம் கூப்பிட்டோம்" என்றார்.